மடியில் வைத்துக் கொண்டுபோன கூறை

வெயிலில் வெந்த ரெக்சின் சீட்டின் மணமும் புதுப் பட்டின் மணமும் சேர்ந்தால் எப்படி இருக்கும் தெரியுமா? எனக்குத் தெரியும். இத்தாலி முழுக்க நான் முகர்ந்தது அதைத்தான்...

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. ஆவணி மாதம், பள்ளிக்கூட விடுமுறை. லண்டன் எட்மண்டனிலிருந்து எங்கள் பழைய வான் வண்டியில் நான், இவர், மகள், மகன். போகிற இடம் பலேர்மோ. சீலனின் கல்யாணம்.

சீலன் லண்டனுக்கு வந்த புதிதில் எங்கள் வீட்டு மேலறையில் இருந்தவர். இவருக்குச் சிநேகிதன், எனக்குத் தம்பி மாதிரி. நான் பின்னேரம் கிளீனிங் ஷிப்டுக்கு ஓட, என் பிள்ளைகளுக்குச் சோறு தீத்தி நித்திரையாக்கியது அவர்தான். இங்கே அகதிக் கேஸ் சரிவரவில்லை, இத்தாலிக்குப் போய்விட்டார். அங்கே ராஜியைக் கண்டார், மனம் ஒத்துப்போனது, கட்டப்போகிறேன் என்றார்.

அவ்வளவுதான்... சீலனின் சொந்தம் முழுக்கப் பற்றி எரிந்தது!

"அவை எங்கட ஆக்கள் இல்லை."

சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி பேச எங்கள் சனத்துக்கு இந்த ஒரு வசனம் போதும்.

சீலனுக்கு உடன்பிறந்தது ஒரே ஒரு அக்கா, லண்டனிலேயே கோலியர்ஸ் வுட்டில். எங்கள் கல்யாணங்களில் மாப்பிள்ளையின் சகோதரிதான் தோழியாக நிற்பாள். தாலியும் கூறைச் சேலையும் வைத்த தட்டை ஏந்துவதும், பெண்ணுக்கு அந்தக் கூறையை உடுத்திவிடுவதும் அவள் பொறுப்பு. அக்கா வரமாட்டேன் என்றுவிட்டார். கூறையும் எடுத்துத் தரமாட்டாராம். போதாக்குறைக்கு எனக்கும் போன் எடுத்தார்.

"நீர் அங்க போனா, நாளைக்கு உம்மட பெட்டையின்ர நல்ல காரியத்துக்கு ஒருத்தரும் வரமாட்டினம். யோசிச்சுக்கொள்ளும்."

எனக்குக் கோபம் வந்தால் யோசனை வராது. அந்தச் சனிக்கிழமையே போய் அரக்குச் சிவப்பில் கூறை எடுத்தேன். சீலன் மணவறையில் தனிமரமாக நிற்கக்கூடாது. அதுதான் என் மனதில் இருந்த ஒரே எண்ணம்.

தாலி ஏறும்போது ஒருத்தி உடுத்தியிருக்கப் போகிற சேலை அது. பெட்டி, சட்டி, புட்டுப் பார்சலோடு அதைப் போட எனக்கு மனம் வரவில்லை. தட்டோடு மடியில் வைத்துக்கொண்டேன்.

"டிக்கியில வையுமன். அது ஓடியே போகப்போகுது?" என்றார் இவர்.

"நீங்கள் ரோட்டைப் பாத்து ஓட்டுங்கோ."

பிரான்ஸைக் கடந்து, மலையைக் குடைந்த சுரங்கத்தால் வெளியே வந்தால்... இத்தாலி! அப்படி ஒரு வெளிச்சத்தை நான் ஊரைவிட்ட பிறகு கண்டதில்லை. வானில் ஏசி இல்லை. பிள்ளைகள் பின்சீட்டில் தங்களுக்குள் அடிபட்டார்கள். என் தொடை மரத்துப்போனது.

பெட்ரோல் ஸ்டேஷனில் நான் டாய்லெட்டுக்குப் போக, இவர் பெண்கள் வாசலில் தட்டை ஏந்திக்கொண்டு அசடு வழிய நின்றார். வெளியே வந்து பார்க்கிறேன், இவரைச் சுற்றி இத்தாலிக் கிழவிகள்! மகள் விரலில் மோதிரம் போடுவதுபோல் காட்டிக் கல்யாணம் என்று விளங்கப்படுத்தியிருக்கிறாள். ஒவ்வொருத்தியும் பட்டைத் தொட்டுப் பார்த்து "பெல்லா, பெல்லா", வடிவு வடிவு என்றார்கள். ஒருத்தி சிலுவை போட்டு ஆசீர்வதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. முன்பின் தெரியாதவளுக்கு வந்த மனம் கூடப்பிறந்தவளுக்கு வரவில்லையே.

கப்பலில் கடல் தாண்டி, பலேர்மோ. மண்டபம் நிறையப் பெண் பகுதி. மாப்பிள்ளை பகுதி என்று பார்த்தால் நாங்கள் நாலு பேர்தான். ஜெர்மனியிலிருந்து வந்திருந்த ஐயர், "மாப்பிள்ளையின்ர சகோதரி வாங்கோ" என்றார். நான் எழும்பினேன்.

முன்வரிசையில் சீலனின் ஊர்க்காரர் ஒருவர், வேடிக்கை பார்க்க வந்தவர், தொண்டையைச் செருமினார். "ஐயா, இது உடன்பிறந்தவள் செய்யவேண்டிய காரியம். கண்டபடி செய்யேலாது."

சீலன் தலை குனிந்ததைப் பார்த்தேன். எனக்கு எங்கிருந்து வந்ததோ!

"உடன்பிறந்தவள் லண்டனில டிவி பாத்துக்கொண்டிருக்கிறா. நான் அங்கயிருந்து இதை மடியில வைச்சுக் கொண்டுவந்திருக்கிறன். ஐயா, நீங்கள் மந்திரத்தைச் சொல்லுங்கோ."

ஐயர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு தட்டைத் தூக்கி என் கையில் தந்தார்.

கூறை உடுத்த உள்ளே கூட்டிப்போனபோது ராஜி என் பக்கம் திரும்பினாள். "எங்களால உங்களுக்குத்தான் கரைச்சல் அக்கா..."

"வாயை மூடு பிள்ளை. கொசுவத்தைப் பிடி."

சீலனின் அக்கா சொன்ன சாபம் பலித்தது, அதையும் சொல்லவேண்டும். மகள் பெரியபிள்ளையானதும் சாமத்தியவீட்டுச் சடங்குக்கு மண்டபம் எடுத்தோம், பாதிக் கதிரை காலி. இவரின் சொந்தச் சித்தப்பா குடும்பமே வரவில்லை. எனக்கு வலித்தது. ஆனால் தாய்மாமன் முறைக்குத் தேங்காய் உடைக்க சீலனும் ராஜியும் பலேர்மோவிலிருந்து வந்து நின்றார்கள். எனக்கு அது காணும்.

இப்போது கையில் பிரிட்டிஷ் பாஸ்போர்ட், விசாவும் வேண்டாம், வானும் வேண்டாம். காலையில் பிளேன் ஏறினால் மத்தியானச் சாப்பாடு பலேர்மோவில். அன்றைக்கு முகம் திருப்பியவர்கள் எல்லோரும் இன்றைக்கு வாட்ஸ்அப்பில் எனக்கு "குட் மோர்னிங்" பூ அனுப்புகிறார்கள்.

போன கோடையில் அந்த அக்காவின் மகனுக்குக் கல்யாணம். பெண் வெள்ளைக்காரப் பிள்ளை. வடிவான பிள்ளை, நல்லாயிருக்கட்டும். எங்களுக்கும் அழைப்பு வந்தது, போனோம். சாப்பாட்டு மேசையில் அக்கா எல்லோருக்கும் கேட்கச் சிரித்துச் சொன்னார்: "இந்தக் காலத்தில ஆர் சாதி, மதம் எல்லாம் பாக்கினம்?"

மேசை முழுக்கத் தலையாட்டியது. நான் கரண்டியை வைத்துவிட்டு மண்டபத்தை ஒருதரம் சுற்றிப் பார்த்தேன்.

"அப்ப ராஜி எங்க, அக்கா?"