இரண்டாம் அடி

கனடாவில் மகன் வீட்டோடு போய் இருப்பது என்று முடிவானதும் நான் முதலில் எடுத்தது பெட்டியை அல்ல, பதிகத்தை. அங்கே உடன் ஓதக் குரல் இராதே என்று, விடியலில் விளக்கேற்றித் தனியே தொடங்கினேன். முதல் அடி கணீரென்று வந்தது. பிறகு, வழக்கம்போல் வாய்மூடிக் காத்திருந்தேன். இரண்டாம் அடி வரவில்லை.

ஏன் வரவில்லை என்பது சற்றுப் பொறுத்தே விளங்கிற்று. பம்மலில் தையற்கடை வைத்திருக்கும் தோழி, சேலையூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை, நான் ஆகிய மூவரும் ஞாயிறுதோறும் தாம்பரத்தில் கூடி ஒரு கோயிலுக்குப் புறப்படுவது பல்லாண்டுப் பழக்கம். தையற்கடைத் தோழியும் நானும் மாற்றி மாற்றி ஓதுவோம். ஒவ்வொரு பாட்டிலும் ஒன்றாம் அடியும் மூன்றாம் அடியும் எனக்கு. மற்ற இரண்டும் அவளுக்கு. ஆசிரியை தாளம் போடுவாள். மனப்பாடம் என்று நான் பெருமைப்பட்டதெல்லாம் பாதிப் பதிகம்!

அடுத்த ஞாயிறு, திருக்கழுக்குன்றம் செல்லும் பேருந்தில் இதைச் சொன்னேன்.

“இன்னாக்கா சொல்ற? இத்தினி வருசமா உனுக்குப் பாதிதான் தெரியுமா?” என்று பம்மல்காரி சிரித்த சிரிப்பில் நடத்துநர் திரும்பிப் பார்த்தார்.

“சரி, நீ என் அடியைச் சொல்லு, பார்க்கலாம்.”

வாயைத் திறந்தாள், மூடினாள். “ஐயே, நமக்கும் அதே கததான். பேஜாராப் போச்சே!”

“புக்கைப் பார்த்துப் படிச்சா ஆச்சு. இதுக்கு ஏன் இவ்வளவு கவலை?” என்றாள் ஆசிரியை.

படிக்கலாம்தான். ஆனால் திருவிளக்கின் முன் அமர்ந்து, கண்களை எழுத்துக்குக் கொடுத்துவிட என் மனம் ஒப்பவில்லை. கோயிலை எடுத்துச் செல்ல முடியாது. இந்தப் பதிகத்தையாவது முழுதாக நெஞ்சில் கொண்டுபோக வேண்டும்.

அன்றே அடிகளை மாற்றிக்கொண்டு பழகினோம். மலைப்படிகளில் மூச்சு வாங்க ஏறியவாறே இருவரும் ஒரே அடியைச் சொல்வோம். அடுத்த அடிக்கு இருவரும் ஊமையாவோம்.

“ரெண்டு பேரும் சேர்ந்து பாட்டைக் கொன்னாச்சு. இன்னிக்கு இது போதும், இறங்கலாம்” என்று ஆசிரியை கைதட்டினாள். அடுத்த ஞாயிறு திருப்போரூரில் பிழைகள் குறைந்தன. ஆயினும் நான் தடுமாறும்போதெல்லாம் பம்மல்காரியின் உதடுகள் அசைந்து அடியை எடுத்துக்கொடுத்தன. அதைப் பார்த்தே நான் பிழைத்தேன்.

புறப்படுமுன் வந்த கடைசி ஞாயிறு, விமான நிலையத்துக்கு அருகிலுள்ள திரிசூலம் கோயில். சந்நிதியில் நான் தனியே தொடங்கினேன். பம்மல்காரி உதவிவிடக் கூடாதென்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஏழு பாட்டுகள் இடறலின்றி ஓடின. எட்டாம் பாட்டின் முதலடி முடிந்த கணத்தில் விமானம் ஒன்று கோயிலே அதிரும்படி எழும்பியது. என் குரல் எனக்கே கேட்கவில்லை. பழைய பழக்கம் வாயை மூடப் பார்த்தது. நான் கண்களை மூடினேன். அவளைப் பாராமல், அம்மையப்பனை மட்டும் நினைந்தேன்.

வந்தது! இரைச்சல் அடங்கியபோது, இரண்டாம் அடியின் நடுவில் உரக்கப் பாடிக்கொண்டிருந்தேன். பம்மல்காரி இழுக்கும் அதே இழுப்போடு. ஒன்பது, பத்து, பலன் சொல்லும் கடைப்பாட்டு, எல்லாம் அருவிபோல் இறங்கின. அப்படியொரு வெற்றியை என் வாழ்வில் வேறெதிலும் நான் சுவைத்ததில்லை.

மூச்சு விடுமுன் பம்மல்காரி முந்தானையை இடுப்பில் செருகி, தானும் முதலடியிலிருந்து தொடங்கி, ஓரிடத்திலும் நில்லாமல் முடித்தாள். குருக்கள் கற்பூரம் காட்டினார். ஆசிரியை இருவர் நெற்றியிலும் திருநீறு இட்டு, “இனிமே தாளம் போட நான் எதுக்கு?” என்றாள். கண்கள் நனைந்திருந்தன.

“நீ இல்லாம முடியுமா? சும்மா இரு டீச்சர்,” என்ற பம்மல்காரி, என் பக்கம் திரும்பி என் கைகளைப் பற்றிக்கொண்டாள். “இப்போ ஜோரா பிளேன் ஏறுக்கா. என் வரி உன்னாண்ட கீது, உன் வரி என்னாண்ட கீது.”