வண்டிக்கு முன்னால் மாமியார்

வேனின் முன்கண்ணாடி வழியாக மலைநாட்டில் எத்தனையோ அழகுகளைப் பார்த்திருக்கிறேன். அருவிகள், நீர்த்தேக்கங்கள், மேகத்துக்கு மேலே தலைநீட்டும் சிவனொளிபாத மலை. காலப்போக்கில் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டன. கலையாமல் நிற்பது ஒன்றுதான்: பனிமூட்டத்துக்குள், மழையில், பட்டுச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நடந்துபோகிற என் மாமியாரின் முதுகு.

மாமியாருக்கு நான் வண்டி ஓட்டுவதில் நம்பிக்கை இருந்ததே இல்லை. அவரைக் குறை சொல்ல முடியாது. வளைவில் ஹோர்ன் அடிக்க வேண்டிய நேரத்தில், முந்தின நாள் வாசித்த பக்கத்தை யோசித்துக்கொண்டிருக்கிற ஆள் நான். பக்கத்து ஆசனத்தில் அவர் உட்கார்ந்தால் முதல் வளைவில் முருகனைக் கூப்பிடுவார். மலை இறங்கி முடிவதற்குள் மாதாவிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பார். "ஒங்க படிப்பு பெருசுதான் மாப்புள, பிரேக்குதான் சின்னதா இருக்கு" என்பார். ஒருமுறை நுவரெலியாவில் இறங்கி, "நீங்க வாங்க, நான் முன்னால போய் சோறாக்குறேன்" என்று பஸ் ஏறிவிட்டார். சொன்னபடி சோறாக்கியும் வைத்திருந்தார்.

அவருடைய கடைசி மகனுக்கு மஸ்கெலியாவில் பெண் எடுத்தோம். ஆனி மாதக் கல்யாணம். எங்கள் உடப்புசல்லாவைப் பக்கம் ஆனியில் காய்ந்த காற்று வீசும். அதே நேரம் மலைக்கு அந்தப் பக்கம் மழை கொட்டும். மார்கழியில் வெயில் அவர்களுக்கு, மழை எங்களுக்கு. இதைக் கரும்பலகையில் படம் போட்டுப் பிள்ளைகளுக்கு விளக்குவதுதான் என் சம்பளத்துக்கான வேலை. இருந்தும் அன்று காலை எங்கள் லயத்து வீட்டு வாசலில் வெயில் அடித்ததைப் பார்த்து, எங்கள் பக்கத்தார் வருடா வருடம் செய்கிற பிழையை நாங்களும் செய்தோம். வீட்டு வானத்தை நம்பி, அவசரப்படாமல் ஆறுதலாகப் புறப்பட்டோம். சீர்த்தட்டுகளோடு ஆண்கள் பஸ்ஸில் முந்திப் போயிருந்தார்கள். வேனில் நான், மாப்பிள்ளைக் கோலத்தில் மச்சினன், என் மனைவி, மாமியார், இன்னும் சில பெண்கள்.

நுவரெலியா தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. நானுஓயாவுக்கு அப்பால் வீதியை மறித்து மரம் விழுந்து கிடந்தது. பொலிஸ்காரர் சிங்களத்தில் ஏதோ சொல்லி, தேயிலைக்குள் இறங்குகிற தோட்டப் பாதையைக் கைகாட்டினார். ஒரு லொறிக்கு அளந்து போட்ட பாதை அது. இடப்பக்கம் பள்ளம். கொஞ்சத் தூரம் இறங்குவதற்குள் பனி மூடிவிட்டது. முன்விளக்கைக் கூட்டினால் வெள்ளைச் சுவர்; குறைத்தால் சாம்பல் சுவர். பாதை எங்கே முடிந்து ஆகாயம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை. நிறுத்தினேன். திருப்ப இடமில்லை. அங்கே கோவிலில் பெண்ணை உட்காரவைத்து, முகூர்த்தம் தப்பிவிடுமோ என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

இப்படி மூடினால் பஸ் கண்டக்டர் இறங்கி முன்னால் நடப்பது மலையில் வழக்கம். எங்களிடம் கண்டக்டர் இல்லை. மச்சினன் கதவைத் திறந்தான்.

"நான் எறங்குறேன் மச்சான்."

"தாலி கட்டப் போறவன் சேத்துல நடக்குறதா? உக்காருடா" என்றார் மாமியார். அவன் தோளில் கிடந்த வெள்ளைச் சால்வையை உருவித் தன் முதுகில் போர்த்திக்கொண்டு இறங்கிவிட்டார். "இந்த வெள்ள தெரியுதுல்ல மாப்புள? இதப் பாத்தே வாங்க. மறஞ்சா நிப்பாட்டிருங்க."

என் பக்கத்தில் உட்காரவே அஞ்சுகிறவர், என் சக்கரத்துக்கு முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு, மடக்கிய குடையின் முனையால் பள்ளத்து ஓரத்தைத் தட்டித் தட்டி நடந்தார். பாதையோ இறக்கம், கீழே சேறு. என் சின்னப் பிரேக்கை நம்பி நடந்தவர் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. முதலாம் கியரில், மூச்சை விடவும் பயந்து, அந்த வெள்ளைத் துணியின் பின்னால் ஊர்ந்தேன்.

ஓரிடத்தில் அவர் கை உயர்ந்தது. பாதைக்குக் குறுக்கே இருந்த சின்ன மதகின் ஓரத்தை மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போயிருந்தது. மிச்சமிருந்த அகலத்தில் வேன் போகலாம், சரியாக ஓட்டினால். மாமியார் உடைந்த விளிம்பில் போய் நின்றார்.

"மாமி, தள்ளி நில்லுங்க!"

"தள்ளி நின்னா ஓரம் எதுன்னு ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்? என்ன இடிக்காம வாங்க, போதும்."

"இடிச்சிட்டா?"

"பொண்ணக் குடுத்தப்பவே பயந்து முடிஞ்சிருச்சு. வாங்க!"

போனேன். இடப்பக்கக் கண்ணாடி சால்வையை உரசியது. அவர் அசையவில்லை. அவருக்குப் பின்னால் மண்ணே இல்லை. வெறும் வெண்மையும், அடியில் எங்கேயோ ஆற்றின் இரைச்சலும். ஜன்னல் வழியாக முகத்தைப் பார்த்தேன். எப்போதும் முணுமுணுக்கும் உதடுகள் மூடியிருந்தன. எந்தச் சாமியையும் அவர் கூப்பிடவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருட வாசிப்பில் அந்த நேரத்துக்கு உதவ ஒரு வரிகூட என்னிடம் இல்லை.

முகூர்த்தம் முடிகிற நேரத்தில் தாலி ஏறியது. பெண்ணின் தாய் பதறிப்போய், "என்ன சம்மந்தி, இப்பிடி நனஞ்சு போயிருக்கீங்க?" என்று கேட்டார்.

"மருமகன் வண்டி ஓட்டுனாருல்ல, வேத்துப்போச்சு" என்றார் மாமியார்.

திரும்பும்போது பக்கத்து ஆசனத்தில் ஏறினார். முதல் வளைவிலேயே முருகனைக் கூப்பிட்டார்.

மாமியார் போய்ச் சில வருடங்களாகின்றன. மலைக்கு அந்தப் பக்கம் மழையா வெயிலா என்று இப்போது தொலைபேசியே சொல்லிவிடுகிறது. என் வேனுக்கு மஞ்சள் பனிவிளக்கு வந்துவிட்டது. மதகையும் அகலமாக்கிச் சுவர் கட்டிவிட்டார்கள். இரண்டு வண்டிகள் தாராளமாக விலகலாம். இந்த ஆனியில் மச்சினன் வீட்டுக்குப் போகும்போது, வீதி திறந்திருந்தும் அந்தத் தோட்டப் பாதையில் வேனை இறக்கினேன். பனி வந்தது. முதலாம் கியருக்கு மாறி, ஓர் ஆள் நடக்கிற வேகத்தில் போனேன். பின்னால் வந்த முச்சக்கரவண்டிக்காரர் பொறுமையிழந்து, ஓயாமல் ஹோர்ன் அடித்தார். என் மனைவி ஜன்னலை இறக்கி, மழைக்குள் கையை நீட்டினாள்.

"கொஞ்சம் பொறுங்க தம்பி. முன்னால ஆள் நடக்குது."