கத்தரீனாக்காவும் குளத்து நடுவில் ஒரு தெப்பமும்

பலெர்மோவில் நான் அதிகம் கேட்ட பெயர் கத்தரீனாக்காவுடையதுதான். அல்பெர்கேரியாவில் நாங்கள் ஒரே கட்டடத்தில் குடியிருக்கிறோம். அவர் மேல்மாடி, நான் கீழ்மாடி. விடிந்ததும் அவருடைய மனுசன் வலன்ரைன் காலுறை காணவில்லை என்று கூப்பிடுவார். வேலைக்குப் போனால், அங்கே அவர் பராமரிக்கும் முழங்கால் ஏலாத கிழவி, சின்யோரா, படுக்கையில் இருந்தபடி "கத்தெரீனா!" என்று ஒரு இழுப்பு இழுப்பார், அது வியா மக்வேதா தெரு வரைக்கும் கேட்கும். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் கோயில் சனம் முழுக்கக் கூப்பிடும். ஒருவருக்கு பெர்மெசோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் துணைக்கு வரவேண்டும், இன்னொருவருக்குப் பிறந்தநாளுக்கு ரோல்ஸ் செய்து தரவேண்டும். எல்லாவற்றுக்கும் அவர் "ஓம், வாறன்" என்பார். போயும் விடுவார். எனக்கு அந்த நல்ல குணம் கிடையாது. யாராவது "சிவமலர்" என்று கூப்பிட்டால், "என்ன விசயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் அசைவேன்.

இப்படிப்பட்ட மனுசி தனக்கென்று ஆசைப்பட்டது, எனக்குத் தெரிய, ஒன்றே ஒன்று. ஜேர்மனியில் ஒரு குளத்தின் நடுவே மிதக்கும் மரத் தெப்பத்தில் ஏறிப் படுக்கவேண்டும்.

ஓகஸ்ட் மாதம், கத்தெரீனாவும் வரவேண்டும் என்று அழுகிற சின்யோராவை அவருடைய மகள் மலைப்பக்க வீட்டுக்குக் கூட்டிப் போய்விடுவார். எங்கள் ஊர்ச் சனம் பாதி மொண்டெல்லோ கடற்கரை மணலில் கிடக்க, ஜேர்மன்காரரும் விமானம் ஏறி வந்து அதே மணலில் கிடக்க, கத்தரீனாக்கா மட்டும் எதிர்த்திசையில் ஜேர்மனிக்குப் பறப்பார். வடக்கே ஒரு சிற்றூரில் அவருடைய தம்பி அல்பேட் இருக்கிறார். சில வருடங்களாக நானும் ஒட்டிக்கொண்டு போகிறேன்.

பலெர்மோவை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஆனாலும் அந்தக் குளம் குளம்தான். சோள வயல்களுக்குள்ளால் போகும் ஒற்றைப் பாதை முடிகிற இடத்தில் புல்தரை, அதற்கப்பால் நாணல், அதற்கப்பால் கறுத்துக் குளிர்ந்த தண்ணீர். காது வலிக்கப் பாட்டுப் போடுகிறவர் இல்லை. வெள்ளைத் தலைக் கிழவிகள் காலையில் சைக்கிளில் வந்து, துவாயைச் சுற்றிக்கொண்டே உடுப்பு மாற்றி, கடைக்குப் பாண் வாங்கப் போகிறவர்களைப் போலச் சாதாரணமாகத் தண்ணீருக்குள் இறங்குவார்கள். நீந்தாதவர்களுக்கென்று கயிறு கட்டிய பகுதி ஒன்று உண்டு. உயிர்காப்பு வேலைக்கு ஒரு பெண் பிள்ளை உயரமான கதிரையில் இருப்பாள்.

எங்கள் ஆட்கள் குளத்துக்குப் போவது வேறு விதம். சோற்றுப் பானை, கோழிக்கறி, கட்லட், தேநீர்ப் போத்தல் எல்லாம் வரும், அடுப்பு மட்டும்தான் வராது. பிள்ளைகள் கயிற்றுக்குள்ளே துள்ளுவார்கள், ஆண்கள் கரையில் நின்று அரசியல் கதைப்பார்கள். பானைக்கும் செருப்புக்கும் காவல் கத்தரீனாக்கா.

அப்படிக் காவல் இருந்த ஒரு நாள்தான் அவர் தெப்பத்தைக் காட்டினார். ஒரு ஜேர்மன்காரி அதில் மல்லாந்து கிடந்தாள். கரையில் அவளுடைய புருசன் எதற்கோ கையை ஆட்டிக் கத்திக்கொண்டிருந்தான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"மலர், அவவைப் பார். ஆர் கூப்பிட்டும் ஒண்டும் செய்யேலாது."

"உங்களுக்கும் வேணுமோ?"

"ஓம்" என்றார். அந்த "ஓம்" அவர் வழமையாகச் சொல்கிற "ஓம்" இல்லை.

பேசாலையில் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் அவருக்கு நீந்தத் தெரியாது. பெண் பிள்ளைகள் கடலில் இறங்குவது அங்கே வழக்கமில்லை. ஐம்பத்தைந்து வயதில் பழகத் தொடங்கினார். வீட்டு வேலைக்காரருக்கு வியாழன் பின்னேரம் ஓய்வு. செப்டெம்பர் முடிந்தால் பலெர்மோக்காரர் கடலில் கால் நனைக்க மாட்டார்கள், தண்ணீர் இன்னும் இளஞ்சூடாக இருந்தாலும். அந்த வெறுங்கடலில், மொண்டெல்லோ உணவகம் ஒன்றில் வேலை செய்யும் மொரீசியஸ் தமிழ்ப் பெண் ஃப்ரான்சுவாஸ் அவருக்கு நீச்சல் பழக்கினாள். அவளுக்கு எங்கள் தமிழ் வராது, அவளுடைய கிரியோல் எங்களுக்கு வராது. பாடம் இத்தாலியனில் நடந்தது. முதலில் மல்லாந்து மிதக்க, பிறகு கையை வீச. நான் மணலில் துவாயோடு இருந்து நக்கலடித்தேன். அடுத்த மே மாதம் கத்தரீனாக்கா தூரத்து மிதவை வரைக்கும் போய்த் திரும்பி வந்தபோது எழும்பி நின்று கைதட்டினேன். இப்படியொரு பிடிவாதத்தை நான் வேறு யாரிடமும் கண்டதில்லை.

அந்த ஓகஸ்டில் குளத்துக்குப் போன முதல் நாளே அவர் நீச்சல் உடுப்போடு எழும்பினார். சிலுவை அடையாளம் போட்டார், இறங்கினார், கயிற்றைத் தாண்டினார், மொண்டெல்லோவில் செய்தது போலவே மல்லாந்து சாய்ந்தார். கால் இரண்டும் கீழே போயின. இடுப்பும் போயிற்று. வாய்க்குள் தண்ணீர் போய் அவர் அடித்த அடியில் வாத்துகள் பறந்தன. உயிர்காப்புப் பிள்ளை பாய்ந்து போய்க் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தாள்.

அல்பேட்டின் முகத்தில் இரத்தமே இல்லை.

"உங்களுக்கென்ன விசரோ, அக்கா? இனிமேல் கயித்தைத் தாண்டினா என்ரை வீட்டுப் பக்கம் வராதேங்கோ. சொல்லிப்போட்டன்!"

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அந்த ஆளைக் குறை சொல்லவும் முடியாது. சில வருடங்களுக்கு முன் வேறொரு குளத்தில் எங்கள் பெடியன் ஒருவன், ஊரில் கடலில் நன்றாக நீந்தியவன், தாண்டு செத்துப்போனான். அவனுடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் அல்பேட்டும் ஒருவர். அதற்குப் பிறகு அவர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியதில்லை.

கத்தரீனாக்கா அன்று சாப்பிடவில்லை. வருடம் முழுக்கப் படித்ததெல்லாம் தன்னை விட்டுப் போய்விட்டது என்றே நம்பினார். சின்யோராவை அழவிட்டு வந்ததற்குக் கடவுள் தந்த தண்டனையோ என்றும் கேட்டார். "கடவுளுக்கு வேறை வேலை இல்லையோ?" என்றேன்.

அடுத்த நாள் காலை அல்பேட்டின் குசினியில் கட்லட்டுக்கு முட்டை அவிக்கப் போனவர் பானைக்கு முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

"மலர், இஞ்சை ஓடிவா!"

உப்புப் போடாத பச்சைத் தண்ணீரின் அடியில் முட்டைகள் கிடந்தன. சின்யோரா வீட்டில் ஒவ்வொரு வருடமும் ஒலிவ் காய் ஊறப்போட உப்புத் தண்ணீர் கரைப்பது இவருடைய வேலை. சிசிலிக்காரரின் வழக்கப்படி அதற்குள் ஒரு முட்டையைப் போட்டுப் பார்ப்பார். உப்புப் போதாவிட்டால் முட்டை அடியில் கிடக்கும், போதுமென்றால் மேலே வரும். இப்போது அவர் உப்பை அள்ளி அள்ளிப் போட்டுக் கலக்கினார். பைக்கற் முடிகிற நேரம் முட்டைகள் ஒவ்வொன்றாக எழும்பி வந்தன.

"பிழை என்னிலை மட்டும் இல்லையடி. இவ்வளவு நாளும் மொண்டெல்லோதான் என்னைத் தூக்கிப் பிடிச்சிருக்கு. இஞ்சை நான்தான் என்னைத் தூக்கவேணும்."

சொன்னபடியே செய்தார். தினமும் கயிற்றுக்குள்ளே, நெஞ்சளவு தண்ணீரில், பிள்ளைகளின் பந்துக்கும் கூச்சலுக்கும் நடுவே காலை உதைத்து உதைத்துப் பழகினார். பாரம் கூடிய உடம்பை நன்னீரில் நேராக வைத்திருக்க எவ்வளவு உதைக்கவேண்டும் என்று கண்டுபிடித்தார். மூச்சுக்கு எப்போது தலையைத் திருப்பவேண்டும் என்றும். அக்கா அடங்கிவிட்டார் என்று நினைத்து அல்பேட் நிம்மதியாக அரசியல் கதைத்தார். நான் வாயைத் திறக்கவில்லை, அது எனக்கு லேசான காரியமில்லை.

கடைசி ஞாயிறு வந்தது. அடுத்த நாள் எங்களுக்கு விமானம். கத்தரீனாக்கா முதலில் உயிர்காப்புப் பிள்ளையிடம் போய், தெப்பத்தைக் காட்டி, தன்னைக் காட்டி, இரண்டு விரலால் கண்ணைக் காட்டினார். அவள் சிரித்துத் தலையாட்டினாள். பிறகு என்னிடம் வந்தார்.

"செருப்பைப் பார்த்துக்கொள்."

"அல்பேட் வீட்டுக்கை விடமாட்டார், அக்கா."

"தெரியும்" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

அல்பேட் கண்டபோது அவர் கயிற்றைத் தாண்டியிருந்தார். நான் வாழ்நாளில் வேண்டாத தெய்வங்களையெல்லாம் வேண்டினேன். அவர் அவசரப்படவில்லை. பாதித் தூரத்தில் ஒரு தடவை தலை தாழ்ந்தது. பிறகு கால்கள் பின்னால் வெள்ளையாக நுரை கிளப்பின. உதை, உதை, என்று நான் கத்தியது பலெர்மோவுக்கே கேட்டிருக்கும். ஏணியைப் பிடித்தார். கனநேரம் பிடித்துக்கொண்டே நின்றார். ஒவ்வொரு படியாக ஏறினார். ஏறி, மல்லாந்து படுத்தார்.

நான் அழுதேன். சொல்ல வெட்கமில்லை.

"அக்கா!"

அது அல்பேட்டின் குரல். சோற்றுத் தட்டை எறிந்துவிட்டு ஓடியவர், சப்பாத்தும் காற்சட்டையும் பையில் கைபேசியுமாகக் குளத்துக்குள் நின்றார். முழங்காலைத் தாண்டி, இடுப்பைத் தாண்டி, கயிற்றைப் பிடித்தபடி.

"அக்கா! என்ரை அக்கா! திரும்பி வாங்கோ! நான் ஒண்டும் சொல்லமாட்டன், வாங்கோ! அக்கா!"

குளம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. கத்தரீனாக்காவுக்கும் அது கேட்டிருக்கும். வலது கையை மட்டும் உயர்த்தி ஆட்டினார், உயிரோடு இருக்கிறேன் என்று. பிறகு அந்தக் கையை மடித்துத் தலைக்குக் கீழே வைத்துக்கொண்டு, எழும்பாமல் கிடந்தார்.