நிறுத்தச் சொல்ல ஒரு கம்பி

ராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். எனக்குத் தெரியாத வேலை இல்லை என்கிற திமிர் கொஞ்சம் ஜாஸ்தி. அந்தத் திமிரோடுதான் போன மாதம் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் பேச்சிமுத்து அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன்.

அண்ணாச்சிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. இருபத்தெட்டு வருஷமாக மில்லில் டெலிபோன் ஆபரேட்டர். ஊரில் பாதிப் பேருடைய நம்பர் அவருக்கு மனப்பாடம். மனைவி கல்பனா அக்காவுக்கும் பார்வை கிடையாது. ஒன்றரை வருஷமாகக் காதும் மந்தம். எதைச் சொன்னாலும் காதருகே கத்த வேண்டும், கத்தினால் தெரு முழுக்கக் கேட்கும்.

"புருசன் பொண்டாட்டி பேச்சே எங்களுக்கு இல்லாமப் போச்சு பாய். பருப்பு, உப்பு, மாத்திரை, அம்புட்டுதான்" என்றார் அண்ணாச்சி. அக்காவும் வரவரப் பேச்சைக் குறைத்துவிட்டாராம்.

அதற்காகத்தான் ஒரு பள்ளிக்கூடம் கழித்துப்போட்ட பிரிண்டரை வாங்கி வைத்திருந்தார். மை கிடையாது, தாளில் புள்ளி புள்ளியாகக் குத்தும் பிரெயில் பிரிண்டர். இரண்டு பேருமே சிறுவயதில் விரலால் படித்தவர்கள். பிரிண்டரின் பின்னால் கம்ப்யூட்டரோடு இணைக்கப் பழைய சீரியல் போர்ட் இருந்தது. லாரி எடைமேடைகளுக்கு வழக்கமாகக் கட்டுவதுபோல மூன்று கம்பி வைத்து ஒரு கேபிள் கட்டிக் கொண்டுபோயிருந்தேன். அனுப்ப ஒன்று, வாங்க ஒன்று, எர்த்துக்கு ஒன்று.

மாட்டியதும் அண்ணாச்சி ஒரு பக்கம் டைப் அடித்தார். பிரிண்டர் மேஜை அதிரக் குத்தித் தள்ளியது. தாள் நிறையப் புள்ளிகள்.

"வேலை முடிஞ்சது அண்ணாச்சி" என்று பையை மூடினேன்.

அவர் தாளில் விரலை ஓட்டினார். "நாலு வரி சரியா இருக்கு பாய். பொறவு வார்த்தை வார்த்தையா முழுங்கியிருக்கு."

எனக்கு எல்லாப் புள்ளியும் ஒன்றுபோலத்தான் இருந்தன. இரண்டு கண்ணையும் வைத்துக்கொண்டு திருதிருவென்று முழித்தேன்.

அண்ணாச்சி பிரிண்டரைத் தட்டிக் காட்டினார். "இது மெதுவாத்தான குத்துது? 'கொஞ்சம் இரு'ன்னு இது சொல்லுறது கம்ப்யூட்டருக்குப் போய்ச் சேரலையோ? அது பாட்டுக்குப் பேசிக்கிட்டே போவுதோ?"

கேபிள் முனையைக் கழற்றச் சொல்லி விரல் நுனியால் தடவினார். "மூணுதான இருக்கு. நிறுத்தச் சொல்லுற கம்பி எங்க பாய்?"

அசந்து போனேன். எடைமேடைச் சீட்டு மொத்தமே நாலு வரி. நிறுத்தச் சொல்லும் தேவை எனக்கு இதுவரை வந்ததே இல்லை.

நாலாவது கம்பியை அவர் ஆடாமல் பிடித்துக்கொள்ள, நான் பற்றவைத்தேன். கம்ப்யூட்டரில் செட்டிங்கையும் மாற்றினேன். இந்த முறை பிரிண்டர் குத்தியது, நின்றது, மறுபடி குத்தியது. அது நிற்கும்போதெல்லாம் அண்ணாச்சி முகம் மலர்ந்தது. அக்கா மேஜையில் உள்ளங்கையை ஊன்றி, அதிர்வு அடங்கும்வரை காத்திருந்தார்.

தாளை அக்கா மடியில் வைத்தோம். விரல் முதல் வரியில் தயங்கியது, அப்புறம் ஓடியது. பாதிப் பக்கத்தில் நின்றுவிட்டது. அக்காவுக்கு வெட்கமும் சிரிப்புமாக வந்தது.

"இந்த வயசுல பேசுற பேச்சா இது!" என்றார், தெருவுக்கே கேட்கும்படி.

"அப்படி என்ன அண்ணாச்சி எழுதுனிய?" என்று கேட்டேன்.

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள பாய்."

தாள் என் கண்ணெதிரேதான் விரிந்து கிடந்தது. ஒரு புள்ளிகூட எனக்கு விளங்கவில்லை.