நூற்றுக்கு நாலு ஜெனோன்

டயர் வாங்கிய ரசீதால் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறார் ஜெனோன் குர்பியெல். தார்னுவ் ரயில் நிலையத்து டாக்ஸி வரிசையில் இப்படி ஓர் அராஜகத்தை வேறு யாரும் செய்யத் துணியமாட்டார்கள். மற்றவர்களுக்கு ரசீது என்றால் வாட் வரியில் கழித்துக்கொள்ளும் செல்வம். கண்ணில் ஒற்றிப் பெட்டியில் வைப்பார்கள். ஜெனோனுக்கு அது நல்ல வழவழப்பான காகிதம், அவ்வளவுதான்.

காரணம், அவர் தொகுப்பு வரிக்காரர். மீட்டரில் ஓடிய வசூலில் நூற்றுக்கு நாலு கட்டிவிட்டால் தீர்ந்தது. எதையும் கழிக்க முடியாது, எதையும் சேர்த்து வைக்கவும் வேண்டாம். வரிசையில் அவருக்கு முன்னால் நிற்கும் மியெதெக் இந்த மதத்தின் ஜென்ம விரோதி. கார்க் கண்ணாடி கழுவும் நீருக்குக்கூட பில் வாங்கி, பூட்ஸ் பெட்டியொன்றில் அடைத்து, பின்சீட்டில் பிள்ளையைப்போல உட்கார்த்தி வைத்திருப்பவன். ஜெனோன் புதுக் கார் வாங்கியபோது, அதன் வரியில் ஒரு ஸ்லாட்டிக் காசுகூடத் திரும்பி வராது என்று ஒரு வாரம் சிரித்தான். ஜெனோன் காரை மூன்று முறை சுற்றி வந்துவிட்டு, “நீ திருப்பி வாங்குடா. நான் நிம்மதியாத் தூங்கிக்கறேன்” என்றார்.

கொள்கை வீட்டுக்குள்ளும் புகுந்துவிட்டது. மனைவி ஹலினா எத்தனை கொழுக்கட்டை அவித்தாலும் தட்டில் நாலுதான். போன ஈஸ்டருக்கு முன் பாவசங்கீர்த்தனத்தில் மண்டியிட்டு, “ஒவ்வொண்ணா எதுக்கு ஃபாதர், மொத்தமா ஒரு கணக்காப் போட்டுக்குங்களேன்” என்று கேட்டாராம். இங்கே எல்லாம் தனித்தனி ரசீதுதான் என்று பாதிரியார் கைவிரித்துவிட்டார்.

ஜெனோனுக்கு ஒரே ஒரு பயம். அந்த நாலு சதவீதம் மீட்டர் ஓடும் டாக்ஸிக்கு மட்டுமே. ஓட்டுநரோடு வாடகைக்குப் போகும் கல்யாணக் கார்களுக்குக் கிடையாது. அதனால் மீட்டர் போடாமல் அவர் யாரையும் ஏற்றியதில்லை. பிரசவ வலியோடு ஹலினாவை ஏற்றியபோதும் போட்டார். வலி மறந்துவிட்டது, மீட்டர் காட்டிய தொகை மறக்கவில்லை என்பாள் ஹலினா.

அன்று பிறந்த இலோனாவுக்குத்தான் ஜூன் மாதத்தில் கல்யாணம். மாப்பிள்ளை எமில் பிடித்துவைத்த பழங்காலக் கார் காலையிலேயே படுத்துக்கொண்டது. நாலு மணிக்குத் திருப்பலி. ஹலினா டாக்ஸியின் மூக்கில் வெள்ளை ரிப்பனைக் கட்டியதும் ஜெனோன் முகம் வெளுத்தது. ரிப்பன் கட்டிய டாக்ஸி டாக்ஸிதானா?

“அப்பா, இது என் கல்யாணம்.”

“அதனாலதாம்மா சொல்றேன். இத்தனை வருஷம் ஒழுங்கா ஓட்டிட்டு, இன்னைக்குப் பார்த்துத் தப்பு பண்ணணுமா?”

மீட்டர் போட்டார். இலோனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். முன்சீட்டில், அதே ரயில் நிலைய வரிசையில் டாக்ஸி ஓட்டும் நான்; மடியில் வோட்கா பெட்டி. கல்யாணக் காரைக் கயிறு கட்டி மறிப்பது எங்கள் ஊர் வழக்கம். பாட்டில் கொடுத்தால்தான் கயிறு இறங்கும். பக்கத்து வீட்டார் ஒரு கயிறு, தீயணைப்புப் படையினர் ஒரு கயிறு, பால்காரக் கிழவிகள் ஒரு கயிறு. நின்ற நேரமெல்லாம் மீட்டர் கடமை தவறாமல் ஓடியது. பின்சீட்டில் எமில் தொகையை வாய்க்குள் படித்துக்கொண்டிருந்தான். பெட்டி காலியானது.

தேவாலயத்துக்கு இருநூறு மீட்டர் முன்னால் நாலாவது கயிறு. மணி நாலாக இன்னும் ஏழு நிமிடம். மறித்து நின்றது எங்கள் டாக்ஸி வரிசையேதான். நடுவில் மியெதெக்: தலையில் அதிகாரித் தொப்பி, கக்கத்தில் பூட்ஸ் பெட்டி, மூக்கில் கண்ணாடியில்லாத சட்டம். வரி அதிகாரியாம்.

குனிந்து உள்ளே பார்த்தான். “மேல டாக்ஸி விளக்கு. முன்னால ரிப்பன். உள்ள கல்யாணப் பொண்ணு. என்ன வண்டி இது?”

“டாக்ஸி.”

“பொண்ணு யாரு, சவாரியா?”

பின்சீட்டில் இலோனா சிரிப்பை அடக்க முக்காட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். கண்ணில் மட்டும் கொஞ்சம் ஈரம்.

“நேரமாகுதுய்யா. நீ டாக்ஸிக்காரனா, வாடகைக் கார்க்காரனா, அப்பனா? எதுக்கு எத்தனை பர்சென்ட்டுன்னு நான் எழுதிக்கணும்.”

தேவாலயத்தில் முதல் மணி அடித்தது. ஜெனோன் மீட்டரை நிறுத்தினார். ரசீது நீளமாக வெளியே வந்தது. அதில் இருந்த தொகையைச் சட்டைப்பையிலிருந்து எண்ணி எடுத்து, தன் பணத்தையே தன் வசூல் பைக்குள் போட்டுக்கொண்டார்; கணக்கு கணக்குத்தானே. பிறகு இறங்கி, காரின் கூரையிலிருந்த மஞ்சள் விளக்கைப் பிடுங்கி, மியெதெக்கின் பூட்ஸ் பெட்டியில் பில்களின் மேல் வைத்து, மூடியைத் தன் கையாலேயே அழுத்தி மூடினார்.