லேபிள் உரித்த எண்ணெய்

என் அக்கா புருஷனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லச் சொன்னால், எனக்கு முதல் வார்த்தையிலேயே தொண்டை அடைத்துக்கொள்ளும். பாசத்தில் அல்ல.

அத்தான் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தெருமுனையில், ஒற்றை ஷட்டர் கடை. மலையில் ஏறி இறங்குகிறவர்கள் ஓட்டும் தடித்த டயர் சைக்கிள்கள்தான் அங்கே வரும். அவற்றின் முன்பக்கம் குழாய்க்குள் குழாயாக ஒரு ஃபோர்க் இருக்கும். பள்ளத்தில் விழுந்தால் அமுங்கும், உடனே எழும்பும். அந்த அமுங்கலையும் எழும்பலையும் சரியான வேகத்தில் வைத்திருப்பது, உள்ளே 'டேம்பர்' என்கிற சின்னக் குழலில் இருக்கும் எண்ணெய். இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டுதான் மனுஷர் இத்தனை வருஷம் பந்தா காட்டிக்கொண்டு திரிகிறார். கடைப் பலகையில் 'எண்ணெய் டாக்டர்' என்று எழுதி வைத்திருக்கிறார். அந்தப் பட்டத்தை ஊரில் யாரும் கொடுக்கவில்லை. பெயிண்டருக்குக் கூலி கொடுத்து அவரே வாங்கிக்கொண்டது.

அவர் எண்ணெய் பார்க்கிற அழகைப் பார்க்க வேண்டுமே! கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் இரண்டு சொட்டு விடுவார். கண்ணை மூடிக்கொண்டு தேய்ப்பார். மூக்கருகே கொண்டுபோவார். வாடிக்கையாளர் மூச்சுவிடாமல் நிற்பார். பிறகு "ம்ம்" என்று ஒரு சத்தம் வரும். "டேம்பருக்கு இதுதான். எழுதி வச்சுக்கோங்க" என்பார். எதை எழுதி வைப்பது? பெயர் சொன்னால்தானே எழுத முடியும்? அதைத்தான் அவர் சொல்லவே மாட்டார்.

புது எண்ணெய் பாட்டில் வந்தால் அவர் செய்கிற முதல் வேலை, லேபிளை நனைத்து உரிப்பது. உரித்த பிறகும் மனசு ஆறாது. எண்ணெயைக் காலி ஜூஸ் பாட்டில்களில் மாற்றி ஊற்றி, அலமாரியில் வரிசையாக அடுக்கிவிடுவார். எதிரில் ஒரு பெண் இதே மாதிரி கடை வைத்திருக்கிறாள். அவள் கண்ணில் பட்டுவிடக் கூடாதாம். தொழில் ரகசியமாம்! அவளோ அதே பாட்டில்களைக் கண்ணாடி ஜன்னலில், லேபிள் தெருவைப் பார்க்க, அடுக்கி வைத்து விற்றுக்கொண்டிருக்கிறாள். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள். லேபிள் இல்லாத பாட்டிலைப் பார்த்தாலே எனக்கு உடம்பெல்லாம் எரியும். சொல்லியும் பார்த்தேன்.

"உனக்கு லேபிளைப் படிக்கத் தெரியும். எனக்கு எண்ணெயைப் படிக்கத் தெரியும்மா" என்றார்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த டாக்டர் ஒரு நாளாவது மலையில் சைக்கிள் ஓட்டியதில்லை. பந்தயம் என்றால் காரில் வந்து, அடிவாரத்தில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். இறங்கி வருகிறவர்களைப் பார்த்து உச்சுக் கொட்டுவார்.

ஓட்டுகிறவள் என் அக்கா. தபால் அலுவலகத்தில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கிற வேலை. லீவு நாளில் மலை. என்ன பைத்தியம் என்று நானும் திட்டியிருக்கிறேன். கேட்டால்தானே? இரண்டு முறை விழுந்தாள். இரண்டு முறையும் அதே இடது தோள்பட்டை எலும்பு. இரண்டாவது முறை எலும்பு ஒட்டினாலும் கை மேலே எழும்பவில்லை. மாசக்கணக்கில் தன் தலையைத் தானே பின்ன முடியாமல் கிடந்தாள். தினமும் வேலைக்குப் போகுமுன் நான் அங்கே போய்க் கொண்டை போட்டுவிட்டு வருவேன். அத்தான் பக்கத்து அறையில் உட்கார்ந்து போனில் யாருக்கோ எண்ணெய் பற்றி வகுப்பு எடுத்துக்கொண்டிருப்பார். அந்தச் சீப்பை ஒரு நாள் கையில் எடுத்ததில்லை.

கை மெல்ல மெல்ல எழும்பியது. ஆனால் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள், இன்னொரு முறை அதே இடம் உடைந்தால் கை தோளுக்கு மேலே போகவே போகாது என்று.

"அப்போ ஓட்டக் கூடாதா டாக்டர்?" என்று அக்கா கேட்டாள்.

"விழக் கூடாதும்மா" என்றார் நிஜ டாக்டர்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஒரே ஒரு பந்தயம்டி. விழாம கீழ வந்துட்டேன்னா போதும். அதுக்கப்புறம் விடறதா வேண்டாமான்னு நானா முடிவு பண்றேன். பயந்துபோய் விட்டதா இருக்கக் கூடாது." எனக்கு அழுகை முட்டியது. சரி போ என்றேன்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் ஃபோர்க்கைப் பிரித்து எண்ணெய் மாற்ற வேண்டும். எதிர்க்கடையில் கொடு என்று நான் சொன்னேன். "வீட்டுல ஆளை வச்சுக்கிட்டு எதிர்ல போனா மனுஷனுக்கு அவமானம்டி" என்றாள் அக்கா. மகராசி.

அவர் எண்ணெய் மாற்றிய அன்றைக்குச் சாயந்திரம் என் வேலை சீக்கிரம் முடிந்து நான் கடையில் உட்கார்ந்திருந்தேன். அந்த ஃபோர்க்குக்கு இரண்டு வகை எண்ணெய் வேண்டும் என்பது எனக்கே தெரியும், அத்தனை வருஷம் காதில் ஓதியிருக்கிறாரே. மேலே டேம்பருக்குள் தண்ணீர் மாதிரி மெல்லிய எண்ணெய், நிறைய. கீழ்க் குழாய்களில் உரசாமல் இருக்க, கெட்டி எண்ணெய், கொஞ்சமாக. இரண்டும் ஒரே மாதிரி ஜூஸ் பாட்டிலில், ஒரே மாதிரி பழுப்பு நிறத்தில் மேஜைமேல் நின்றன. ஒன்றைத் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். போன் வந்தது. யாரிடமோ வாய் கிழியப் பேசிவிட்டு வந்து, விரலைத் துடைக்காமலேயே அடுத்ததைத் தொட்டுத் தேய்த்தார். இரண்டு எண்ணெயும் ஒரே விரலில்! இதில் எதைப் படித்தாரோ தெரியாது. "ம்ம்" என்றார். ஊற்றினார். மூடினார்.

அக்கா வேலை முடிந்து வந்தாள். ஹேண்டில்பாரில் இரண்டு கையையும் ஊன்றி உடம்பைச் சாய்த்தாள். ஃபோர்க் மெதுவாக அமுங்கியது. கையை எடுத்ததும் எழும்பியது பாருங்கள், லீவு நாளில் காலையில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி அப்படியொரு சோம்பல்.

"என்னங்க இது, எழும்பவே மாட்டேங்குது?"

"புது எண்ணெய்டி. பழகணும். ரெண்டு ரவுண்டு போனா சரியாயிடும்."

அக்கா கையுறையை எடுக்கத் திரும்பினாள். அந்த நேரத்தில் அவர் தானே ஒருமுறை ஃபோர்க்கை அமுக்கிப் பார்த்தார். அது ஏறி வருவதைப் பார்த்தார். முகத்தில் ஈயாடவில்லை. மேஜைமேல் இருந்த இரண்டு பாட்டில்களையும் பார்த்தார். பிறகு துணியை எடுத்து ஹேண்டில்பாரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார், ஒன்றுமே நடக்காத மாதிரி. தெரிந்துவிட்டது அவருக்கு. என் அக்காவின் கை போனாலும் பரவாயில்லை, எந்தப் பாட்டில் எது என்று தெரியவில்லை என்ற ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து வரக் கூடாது. த்தூ! மனுஷனா இவர்?

"அத்தான், பாட்டிலை மாத்தி ஊத்திட்டீங்க" என்றேன்.

"மருந்துக் கடையில மாத்திரை எண்ணறவ எனக்கு எண்ணெய் சொல்லித் தர்றியா?"

"எங்க கடையில லேபிள் இல்லாத பாட்டிலைக் குப்பையிலதான் போடுவோம். தடவிப் பார்த்து யாருக்கும் ஊத்திக் கொடுக்கறதில்ல."

பஞ்சர் ஒட்டக் காத்திருந்த டிரில் மாஸ்டர் களுக்கென்று சிரித்துவிட்டார். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி சொல்லித்தருகிறவர், கடைக்கு வழக்கமாக வருகிறவர். அவர் சிரித்ததும் அத்தானுக்குச் சுருக்கென்றது. "என் கை வச்ச ஃபோர்க். கண்ணை மூடிக்கிட்டு இறங்கலாம். எழுதித் தரட்டுமா?" என்று கத்தினார்.

அக்கா கையுறையைக் கீழே வைத்தாள். "எழுதறதெல்லாம் வேண்டாங்க. பின்னாடி படிக்கட்டு இருக்கில்ல, அதுல ஒரு தடவை இறங்கிக் காட்டுங்க."

கடைக்குப் பின்னால், கீழ்த்தெருவுக்குப் போகும் அகலமான கல் படிக்கட்டு. பிள்ளைகள் சைக்கிளில் தடதடவென்று இறங்கி விளையாடும் இடம். பெரிய உயரமெல்லாம் இல்லை.

"நானா?"

"நீங்கதான். உங்க கை வச்சதுதானே?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார், வேறு வழி? நாங்களும் பின்னால் போனோம். சீட்டில் உட்கார்ந்தார். இரண்டு காலும் தரையில். படியைப் பார்த்தார். ஹேண்டில்பாரை ஒருமுறை அமுக்கினார். செருப்பு வழுக்குகிறது என்றார். நல்ல ஷூ போட்டிருந்தார்! பிறகு சீட்டு உயரம் என்றார். பிறகு இடுப்பில் பிடிப்பு என்றார்.

"போங்க டாக்டர், கண்ணை மூடிக்கிட்டு!" என்றார் டிரில் மாஸ்டர்.

அத்தான் இறங்கிவிட்டார். "பழகாதவன் இறங்கினா ஆபத்து" என்று முனகினார்.

அக்கா அவர் பக்கம் திரும்பினாள். சண்டை போடுவாள் என்று நினைத்தேன். குரலே உயரவில்லை.

"நான் மட்டும் இறங்கலாம். இல்லையாங்க?"

அவர் சப்பைக்கட்டு கட்ட வாயைத் திறப்பதற்குள் அவள் சைக்கிளை வாங்கிக்கொண்டு, கடைக்குள் புகுந்து, முன்வாசல் வழியாகத் தெருவைக் கடந்து எதிர்க்கடைக்குப் போய்விட்டாள்.

எதிர்க்கடைக்காரியும் லேசுப்பட்டவள் இல்லை. வாயில் சூயிங்கம், முகத்தில் எகத்தாளம். "டாக்டர் வீட்டு சைக்கிளா? என்ன எண்ணெய் ஊத்தியிருக்காரு?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்டாள்.

"எனக்குத் தெரியல."

"அவருக்கு?"

"அவருக்கும் தெரியாது" என்றாள் அக்கா. அத்தான் தன் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நன்றாகவே கேட்டிருக்கும்.

எதிர்க்கடைக்காரி டேம்பரைத் திறந்து கவிழ்த்தாள். பாகு மாதிரி வழிந்தது. "அடக் கடவுளே, கீழ்க் குழாய்ல துளியூண்டு விடறதை இதுல ஊத்தி வச்சிருக்காரு! காலையில மலைக் குளிர்ல இது இன்னும் கெட்டியாகும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அமுங்கும், எழும்ப நேரமிருக்காது, அடுத்ததுல இன்னும் அமுங்கும். கடைசியில முன்பக்கம் அப்படியே குட்டையா நின்னுடும். நீங்க ஹேண்டில்பாரைத் தாண்டிப் போய் விழுவீங்க."

அக்காவின் வலது கை தன்னையறியாமல் இடது தோளைப் பிடித்துக்கொண்டது. 

எதிர்க்கடைக்காரி கீழ்க் குழாய்களையும் காலி செய்து, இரண்டுக்கும் ஃபோர்க் கம்பெனி சொன்ன எண்ணெயை எடுத்து, லேபிளை எங்களுக்குக் காட்டிவிட்டுத்தான் ஊற்றினாள். சும்மா ஊற்றினாளா? அதற்கும் ஒரு பிரசங்கம். "எண்ணெய் எவ்வளவு கெட்டின்னு பாட்டில்ல போட்டிருக்கிற வெறும் நம்பரைப் பார்த்து வாங்கிடாதீங்க. ஒரு கம்பெனியோட பத்தாம் நம்பர் இன்னொருத்தனோட ஏழரை மாதிரி ஓடும். ஃபோர்க் செஞ்சவன் எதைச் சொல்றானோ அதைத்தான் ஊத்தணும். இதுல என்ன பெரிய ரகசியம் கிடக்கு?" அவளையும் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் சொன்னது சரி. அக்கா அமுக்கிப் பார்த்தாள். டக்கென்று எழும்பியது.

பந்தயத்தன்று அத்தான் வந்தார். வெட்கம் மானம் இருந்தால் வீட்டில் இருந்திருப்பார். கறுப்புக் கண்ணாடி, கட்டின கை, எல்லாம் அப்படியே. நான் மேலே பார்த்துக்கொண்டே நின்றேன். மரங்களுக்கு நடுவே சிவப்பு ஹெல்மெட் தெரிந்தது, மறைந்தது, வேர்களின் மேல் தடதடத்து மறுபடி வந்தது. நான் மூச்சுவிட்டேனா என்றுகூட நினைவில்லை. அக்கா கடைசி ஆளுக்குக் கொஞ்சம் முன்னால்தான் வந்து சேர்ந்தாள். விழவில்லை. அந்த இடத்தில் நான் குழந்தை மாதிரி அழுதேன்.

பக்கத்தில் யாரோ இரண்டு பேரிடம் அத்தான் அளந்துகொண்டிருந்தார். "பார்த்தீங்களா, ஃபோர்க் எப்படி வேலை செஞ்சுதுன்னு? எல்லாம் எண்ணெய்லதான் சார் இருக்கு. வீட்டுலயே ஆள் இருக்கும்போது..." எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கண்ணாடியைப் பிடுங்கி மிதித்திருப்பேன்.

அக்கா ஹெல்மெட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்தாள். கலைந்திருந்த முடியை அவிழ்த்துவிட்டாள். கிளிப்பைப் பல்லில் கவ்விக்கொண்டு, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அவசரமே இல்லாமல் சுற்றிச் சுற்றிக் கொண்டை போட்டாள். நான் உதவப் போனேன். தலையை அசைத்து வேண்டாம் என்றாள்.

கிளிப்பை மாட்டிவிட்டு, அந்த இரண்டு பேர் முன்னாலேயே அவரைப் பார்த்தாள்.

"வீட்டுக்குப் போற வழியிலதாங்க அந்தப் படிக்கட்டு. எண்ணெய் உங்களுதுன்னா, இன்னிக்கு இறங்கிக் காட்டுங்க."

சைக்கிளை அவர் பக்கமாக நீட்டினாள். அவர் கட்டியிருந்த கையை அவிழ்க்கவே இல்லை.