சின்னத்தங்கத்துக்காக நான் செய்த ஜெபம்

எங்கள் சபையில் ஜெபம் என்றால் என்னைத்தான் எழுப்புவார்கள். இருபத்தெட்டு வருடம் பள்ளிக்கூடத்தில் கத்திப் பழகிய தொண்டை, மைக் தேவையில்லை. "டீச்சர் ஜெபிச்சா வானம் திறக்கும்" என்று ஒருவர் சொன்னபோது நான் மறுக்கவில்லை. மனதுக்குள் தலையாட்டிக்கொண்டேன், வெட்கம் கெட்டவள்.

இதை எழுத உட்கார்ந்தது சின்னத்தங்கத்துக்காக. அதற்குள்ளும் என்னையே முன்னுக்கு நிறுத்திவிட்டேன், பாருங்கள்.

சின்னத்தங்கம் செட்டிபாளையத்துச் சைவக் குடும்பத்துப் பெண். வாவியில் இறால் பிடிக்கிற உதயரூபனைக் கட்டிக்கொண்டு கல்லடிக்கு வந்து, ஞானஸ்நானம் பெற்றுப் பதினான்கு வருடமாகிறது. விடியற்காலையில் இடியப்பம் அவித்து மூன்று கடைகளுக்குக் கொடுப்பாள். சனிக்கிழமை பின்னேரம் தேவாலயத்தைக் கூட்டி, திருவிருந்துக்கான சின்னக் கிண்ணங்களை ஒவ்வொன்றாகக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பாள். யாரும் அவளை அதற்கு நியமிக்கவில்லை, யாரும் நன்றி சொன்னதுமில்லை. செத்த வீட்டில் தேத்தண்ணீர் ஊற்ற முதல் ஆளாகப் போய் நிற்பதும் அவள்தான். எழுந்து நின்று ஜெபிக்கச் சொன்னால் மட்டும், "எனக்கு ஏலா டீச்சர்" என்று முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள்.

போன வைகாசியில் அவளுடைய ஒரே மகள் விதுர்ஷாவுக்கு டெங்கு வந்தது. நான்கு நாள் பிள்ளை கண் திறக்கவில்லை. சபையாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தோம். பிள்ளை பிழைத்து வீட்டுக்கு வந்தாள். அடுத்த வாரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது சின்னத்தங்கம் என் குசினிக்குள் வந்து கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், ஒருத்தரிட்டயும் சொல்லிடாதீங்க. பிள்ளைக்குக் கடுமையா இருந்த அண்டைக்கு எங்கட அக்கா என்னைக் கண்ணகி அம்மன் சடங்குக்குக் கூட்டிப்போனா. குளிர்த்தித் தண்ணிய வாங்கிவந்து பிள்ளைட நெத்தியில தெளிச்சன். எங்கட ஊரில நோய்க்கு அதத்தான் தெளிக்கிற. ஆண்டவருக்குத் துரோகம் செஞ்சிட்டனோ எண்டு நித்திரை வருகுதில்ல. எனக்காக ஜெபியுங்க."

"ஜெபிக்கிறன் கா, பயப்பிடாத" என்றேன்.

சொன்னபடி ஜெபித்தேன். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டத்தில் ஒவ்வொருவருடைய தேவையையும் பெயர் சொல்லி ஜெபிப்பது எங்கள் வழக்கம். பெயர் சொல்லாவிட்டால் ஆண்டவருக்கு ஆள் தெரியாமல் போய்விடும் என்ற நினைப்போ என்னவோ. கண்ணை மூடினால் எனக்கு ஊரே மறந்துவிடும். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தேன். "ஆண்டவரே, உம்முடைய பிள்ளை சின்னத்தங்கம் பலவீனத்தில் விழுந்துபோனாள். அம்மன் கோயில் தண்ணீரைத் தேடிப் போய்விட்டாள். அவளை மன்னியும், ஐயா." இருபது பேர் சேர்ந்து "ஆமென்" என்றார்கள். வழக்கத்தைவிடப் பலத்த ஆமென். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைத்தால் இதை எழுதுவதிலேயே அர்த்தமில்லை.

கண்ணைத் திறந்தேன். சின்னத்தங்கம் பாயில் இருந்தபடி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விதுர்ஷா தாயின் முகத்தையும் எங்கள் முகங்களையும் மாறிமாறிப் பார்த்தாள். தேத்தண்ணீர் வருவதற்குள் இருவரும் எழுந்து போய்விட்டார்கள்.

அந்த ஞாயிறு அவள் ஆராதனைக்கு வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. "அவ திரும்பச் சைவத்துக்கே போயிட்டாவாம்" என்று ஒருத்தி சொன்னாள். இனி அவளுக்குத் திருவிருந்து கொடுக்கலாமா என்று இன்னொருவர் போதகரிடம் கேட்டார். கேட்டவர் என் பக்கத்தில்தான் இருந்தார்; நான் வாய் திறக்கவில்லை. வானத்தைத் திறக்கிற வாய்! ஆனால் அவள் வராத ஞாயிறுகளிலும் கிண்ணங்கள் கழுவிக் கவிழ்த்தே இருந்தன. அதில் ஒன்றில்தான் நானும் குடித்தேன்.

நாலாவது சனிக்கிழமை பின்னேரம் தேவாலயத்துக்குப் போனேன். அவள் பின்பக்கத்துப் பைப்படியில் குந்தியிருந்து கிண்ணம் கழுவிக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் குந்தினேன்.

"என்னை மன்னிச்சிடு கா. நான் வேணுமெண்டு சொல்லல்ல."

கையில் இருந்த கிண்ணத்தைத் துடைத்து முடித்த பிறகுதான் அவள் பேசினாள்.

"வேணுமெண்டு சொல்லல்ல எண்டு எனக்குத் தெரியும், டீச்சர். ஆனா என்ட குற்றத்த இருபது பேருக்கு முன்னால சொன்னீங்க. மன்னிப்ப மட்டும் ஏன் ஒருத்தரும் இல்லாத நேரம் பாத்து வந்து கேக்கிறீங்க?"

முகத்தைக் கொண்டுபோய் எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாள் ஆராதனையில், "சாட்சி சொல்ல யாராவது இருக்கிறீர்களா?" என்று போதகர் கேட்டார். நான் வேதாகமத்தில் வசனம் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த ஞாயிறு எழுந்தேன். சொல்லத் தொடங்கினேன், குரல் வரவில்லை. "கேக்கல்ல டீச்சர், கொஞ்சம் சத்தமா" என்றார்கள் பின்னாலிருந்து. என் வாழ்நாளில் ஒருவரும் அப்படிச் சொன்னதில்லை. இரண்டாம் தரமும் சொல்ல வேண்டியதாயிற்று.

"சின்னத்தங்கம் என்னை நம்பிச் சொன்னதை ஜெபம் என்ற பெயரில் ஊருக்குச் சொன்னேன். விழுந்துபோனது அவள் இல்லை, நான். நீங்கள் எல்லாரும் கேட்க அவளிடம் மன்னிப்புக் கேட்கிறேன்."

இந்தத் தரம் ஒருவரும் ஆமென் சொல்லவில்லை.

அவள் காதுக்கும் அது எட்டியிருக்க வேண்டும், அடுத்த ஞாயிறு சின்னத்தங்கம் வந்தாள். மகளோடு கதவோரக் கடைசி வாங்கில் இருந்தாள். எனக்கு அழுகை முட்டியது. போதகர் வழக்கம்போல என்னை ஜெபிக்கக் கூப்பிட்டார். ஒரு பெயரும் சொல்லாமல் மெதுவாக ஜெபித்தேன். நடுவில், இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, கண்ணைத் திறந்து பார்த்தேன். சபை முழுக்கத் தலை குனிந்து கண் மூடியிருந்தது. சின்னத்தங்கம் மட்டும் மூடவில்லை. என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.